பூச்சியத்துக்குப் பூச்சியம்: முதல் ஞாயிற்றுக்கிழமை குறித்த ஓர் அளவையியல் ஆராய்ச்சி

பாயிரம்

அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்தின் முதல் வார இறுதியைப் பற்றி எழுதியவர்கள் எல்லாரும் ஆட்டக்காரர்களைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள். யார் எறிந்தான், யார் பிடித்தான், யாருக்கு முட்டி போயிற்று என்று பக்கம் பக்கமாக நிரப்பியிருக்கிறார்கள். சோபாவில் உட்கார்ந்து பார்ப்பவனுக்குள் அந்த நாட்களில் என்ன நடக்கிறது என்பதை முறைப்படி வகுத்துச் சொல்வார் இல்லை. அக்குறை தீர்க்க எழுந்தது இந்நூல்.

பாயிரம் என்றால் எட்டுச் செய்தி சொல்ல வேண்டும் என்பது மரபு. இடநெருக்கடி கருதி இங்கே நான்கு மட்டும். ஆக்கியோன், கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணியின் ரசிகன். (ஆய்வு நெறிப்படி இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டபடியால் இனி நடுநிலை பிறழ்ந்தாலும் யாரும் கேட்க முடியாது.) கேட்போர், தோற்ற அணிகளின் ரசிகர்கள், வென்றவர்களுக்கு வேறு வேலை இருக்கும். பயன், ஏதுமில்லை; அறம், பொருள், இன்பம், வீடு நான்கில் பொருள் மட்டும் கொஞ்சம் கரையும். நுதலிய பொருளாவது: முதல் ஞாயிறு பிற்பகல் ஒரு மணிக்கு ரசிகனின் அறிவு அடியோடு வற்றியிருக்கும், அவன் உறுதியோ விளிம்பு வரை நிரம்பியிருக்கும், முன்னது இல்லாமல் பின்னது இல்லை.

களமும் காலமும்

ஆட்டம் அறியாதாருக்குச் சுருக்கமாக. மொத்தம் 32 அணிகள். ஓர் அணிக்கு ஒரு பருவத்தில் 17 ஆட்டம். பக்கத்துக்குப் பதினொருவர். பந்து வைத்திருக்கும் பக்கம் நான்கு முயற்சிக்குள் பத்து கெஜம் நகர்ந்தாக வேண்டும்; நகர்ந்தால் மறுபடி நான்கு முயற்சி. எதிரியின் எல்லைக்குள் பந்தைச் சேர்த்தால் டச்டவுன், 6 புள்ளி. அதற்கு மேல் ஓர் உதை உண்டு; கம்பங்களுக்கு நடுவே போனால் இன்னும் 1. எல்லையை எட்ட முடியாது என்று தோன்றினால் தூரத்திலிருந்தே கம்பங்களுக்குள் உதைக்கலாம், 3 புள்ளி. இந்த ஒன்றையும் மூன்றையும் வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டும். கடைசியில் ஒரு கணக்குக்குத் தேவைப்படும். எறிவது, ஓடுவது, யாரிடம் கொடுப்பது என்று களத்தில் எல்லாவற்றையும் முடிவு செய்பவன் குவார்ட்டர்பேக். அணியின் விதி அவன் தோளில்.

பிப்ரவரியில் சூப்பர் பௌல் என்னும் இறுதி ஆட்டம் முடிந்தால் செப்டம்பர் வரை கணக்கில் சேரும் ஆட்டம் இல்லை. செப்டம்பரின் முதல் திங்கள் தொழிலாளர் தினம். வழக்கமாக அதையடுத்த வியாழன் இரவு, நடப்பு சாம்பியனின் ஊரில், பருவம் திறக்கிறது. ஞாயிறு பிற்பகல் ஒரு மணிக்குப் பல ஊர்களில் ஒரே நேரத்தில் பந்து பறக்கும். அப்போது பெரும்பாலான அணிகளின் கணக்கு பூச்சியத்துக்குப் பூச்சியம். வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. அந்த நேரத்தில் கிளீவ்லாந்தும் ஒன்றுதான், கான்சஸ் சிட்டியும் ஒன்றுதான். ஆண்டு முழுவதும் இப்படி ஒரு சமத்துவம் அந்நாட்டில் வேறெங்கும் காணக் கிடைக்காது.

2010இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் ஏடு கடிகாரம் வைத்துக் கணக்கிட்டதில், மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் ஓர் ஒளிபரப்பில் பந்து உண்மையாக ஆட்டத்தில் இருப்பது சுமார் 11 நிமிடம் என்று தெரிந்தது. மீதி நேரத்தில் என்ன இருக்கிறது என்று சிலர் ஏளனமாகக் கேட்டார்கள். மீதி நேரத்தில் இருப்பதுதான் இந்நூலின் பொருள்.

லீக்கின் தோற்றத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம், ஏனென்றால் ரசிகனின் ஆதாரமற்ற உறுதி என்னும் நோயின் வித்து அங்கேயே இருக்கிறது. 1920 செப்டம்பர் 17 அன்று ஓஹியோ மாநிலத்துக் கான்டன் நகரில், ரால்ஃப் ஹே என்பவரின் கார் விற்பனைக் கூடத்தில் கூட்டம் நடந்தது. நாற்காலி போதாமல் வந்தவர்கள் கார்களின் படிப்பலகைகளில் உட்கார்ந்தார்கள். அணிக்கு நூறு டாலர் கட்டணம் என்று தீர்மானம் ஆயிற்று. பணம் எதுவும் கைமாறவில்லை என்று, அங்கே இருந்த ஜார்ஜ் ஹாலஸ் பிற்காலத்தில் சொன்னார். கையில் காசில்லாமலேயே வரவு எழுதிக்கொள்ளும் பழக்கம் இப்படி லீக்கோடே பிறந்தது. ரசிகர்கள் அதை விடாமல் காத்து வருகிறார்கள்.

அளவைகள்

ஒரு பொருளை எதைக் கொண்டு அறிகிறோம் என்ற கேள்விக்கு நம் தருக்க நூலோர் பல அளவைகளைச் சொன்னார்கள். சைவ சித்தாந்திகள் அவற்றையெல்லாம் காட்சி, கருதல், உரை என்ற மூன்றில் அடக்கினார்கள். முதல் வாரத்து ரசிகனிடம் இம்மூன்றில் எது உள்ளது?

காட்சி இல்லை. ஆகஸ்டில் வெள்ளோட்டங்கள் நடக்கும் என்பது உண்மைதான். ஆனால் தேர்ந்த ஆட்டக்காரர்கள் அவற்றில் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஓரத்தில் நின்று சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். ஓடியாடுகிறவர்களில் பலருக்கு மாதக் கடைசியில் வேலை இருக்காது. தொண்ணூறு பேர் கொண்ட பட்டியல் ஐம்பத்து மூன்றாகச் சுருங்கும். இதைக் காட்சி என்று கொண்டால் என்ன ஆகும்? 2008இல் டெட்ராய்ட் லயன்ஸ் நான்கு வெள்ளோட்டங்களிலும் வென்றது. பிறகு பருவத்தின் 16 ஆட்டங்களிலும் தோற்றது. ஏதோ தற்செயல் என்று தள்ளிவிடப் பார்த்தால், 2017இல் கிளீவ்லாந்து அப்படியே நான்கிலும் வென்று, அப்படியே 16இலும் தோற்றது. வெள்ளோட்டத்தில் தோற்பதே நலம் என்று கொள்ளும் ஒரு மரபு இதன்பின் எங்கள் ஊரில் வேரூன்றிவிட்டது. 2025 ஆகஸ்டில் எங்கள் அணி மூன்று வெள்ளோட்டங்களிலும் வென்றபோது இவ்வாராய்ச்சியாளனுக்குத் தூக்கம் போயிற்று.

கருதலும் இல்லை. புகையைக் கண்டு நெருப்பை அறிவது கருதல். ஆனால் ரசிகனிடம் இருப்பது சென்ற ஆண்டுப் புகை. பயிற்சியாளர் மாறிவிட்டார், குவார்ட்டர்பேக் மாறிவிட்டான், பாதி அணி வேறு ஊருக்குப் போய்விட்டது. அரங்கத்துக்கு வெளியே வாகன நிறுத்தத்தில் கண்ணைக் கரிக்கும் புகை ஒன்று உண்டு. அது கறி சுடும் அடுப்பிலிருந்து வருவது. அதைக் கொண்டு கறியைத் தவிர எதையும் கருத முடியாது.

உரை என்பது ஐயம் திரிபு இல்லாதவன் வாய்ச்சொல். இந்தத் துறையில் அப்படி ஒருவரும் இல்லை. ஆகஸ்டில் எந்தப் பயிற்சியாளரும் என் பசங்களுக்கு வயிறு போட்டுவிட்டது என்று சொல்லமாட்டார். எல்லாரும் வாழ்நாளிலேயே சிறந்த உடற்கட்டோடு வந்திருப்பார்கள். எல்லா இளைஞர்களும் எதிர்பார்த்ததைவிட வேகமாகக் கற்றுக்கொண்டிருப்பார்கள். தொலைக்காட்சியில் கோட்டு போட்டு உட்கார்ந்திருக்கும் முன்னாள் ஆட்டக்காரர்களின் உரையை அளவையாகக் கொள்வோர், தம் செலவில் கொள்வாராக.

அபாவம் என்றோர் அளவையையும் சில நூலோர் சொல்வர்: ஒன்று இல்லாமையை அதன் இன்மையாலேயே அறிதல். கிளீவ்லாந்தில் குவார்ட்டர்பேக் என்னும் பொருளை 1999 முதல் இந்த அளவையால்தான் அறிந்துவருகிறோம். அன்றிலிருந்து இன்றுவரை நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் அந்த இடத்தில் ஆட்டத்தைத் தொடங்கியிருக்கிறார்கள்.

எல்லா அளவையும் கைவிட்ட இடத்தில் ரசிகன் பற்றிக்கொள்வது ஆசையளவை. நூலோர் இதைச் சொல்லவில்லை, அவர்களுக்குத் தேவைப்பட்டிருக்காது. இதன் இலக்கணம்: வேண்டியதைக் கண்டதாகக் கொள்ளுதல், கண்டது வேண்டாததாயின் அதைக் காணாததாகக் கொள்ளுதல். முறைப்படி மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு வைத்து இதை நிறுவலாம். இவ்வாண்டு நாம் சூப்பர் பௌல் போகிறோம் என்பது மேற்கோள். இதுவரை ஓர் ஆட்டமும் தோற்றிலேம் ஆகலின் என்பது ஏது. 1972இன் மயாமி டால்ஃபின்ஸ் போல என்பது எடுத்துக்காட்டு. ஒன்றிலும் தோற்காமல் சூப்பர் பௌலை வென்ற ஒரே அணி அது. ஏது மெய். எடுத்துக்காட்டும் மெய். ஞாயிறு பன்னிரண்டே முக்காலுக்கு இதில் போலி எங்கே என்று சுட்டிக்காட்டச் சொன்னால், தருக்கம் படித்தவரும் கொஞ்சம் தலையைச் சொறிவார். மூன்றரை மணி நேரத்தில் ஏது மட்டும் கழன்று விழும். மேற்கோள் விழாது. அதுதான் இந்த அளவையின் பெருமை.

திங்கட்கிழமைப் பஞ்சாங்கம்

சித்திரை முதல் நாள் கோயிலில் பஞ்சாங்கம் படிப்பார்கள். ஆண்டு முழுவதற்கும் எத்தனை மரக்கால் மழை, எந்தத் தானியம் விளையும் என்று அன்றைக்கே தீர்ந்துவிடும். முதல் வாரம் முடிந்த திங்கள் காலை அமெரிக்காவில் நடப்பதும் இதுவே. பதினேழில் ஒன்று முடிந்திருக்கிறது. மீதி பதினாறுக்கும் பலன் வாசித்துவிடுகிறார்கள். வாசித்த பலன் எவ்வளவு பலித்தது என்று பார்ப்பது ஆராய்ச்சியாளன் கடமை.

2003இல் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் முதல் வாரம் பஃபலோவிடம் 31–0 என்று தோற்றது. அதற்குச் சில நாள் முன்புதான் தம் அணித்தலைவர்களில் ஒருவரான லாயர் மில்லாயை அவர்கள் நீக்கியிருந்தார்கள். அவர் நேராகப் பஃபலோவில் சேர்ந்து, எதிர்ப்பக்கம் நின்று ஆடினார். பயிற்சியாளருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பலன் வாசித்தார்கள். கடைசி வாரம் இரு அணிகளும் மறுபடி மோதின. பேட்ரியட்ஸ் 31–0 என்று வென்றது. எண்ணைக்கூட மாற்றவில்லை. 14–2 என்ற கணக்கில் பருவத்தை முடித்து, சூப்பர் பௌலையும் வென்றது.

2021இல் கிரீன் பே பேக்கர்ஸ் நியூ ஆர்லியன்ஸிடம் 38–3 என்று உதைபட்டது. ஆரன் ராட்ஜர்ஸ் முடிந்துபோனார் என்று அன்றைய பலன். அந்தப் பருவத்தில் பேக்கர்ஸ் 13 ஆட்டம் வென்றது, ராட்ஜர்ஸ் லீக்கின் தலைசிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார், உதைத்த நியூ ஆர்லியன்ஸ் பிளேஆஃப் என்னும் வெளியேற்றுச் சுற்றுகளுக்கே போகவில்லை. அதே ராட்ஜர்ஸை 2023இல் நியூயார்க் ஜெட்ஸ் அணி கொண்டுவந்தது. அந்த ரசிகர்கள் கோடை முழுவதும் ஆசையளவையிலேயே குடியிருந்தார்கள். செப்டம்பர் 11 இரவு அவர் கொடியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். தம் நான்காவது முயற்சியில் குதிகால் தசைநாண் அறுந்து உட்கார்ந்தார். அந்தப் பருவத்துக்கு அவ்வளவுதான். வேடிக்கை என்னவென்றால், அன்றிரவு ஜெட்ஸ் கூடுதல் நேரத்தில் 22–16 என்று வென்றது. அரங்கிலிருந்து வீடு திரும்பியவர்கள் எந்த முகத்தோடு போவது என்று தெரியாமல் போனார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த சான்று சிக்காகோவிலிருந்து வருவது. 2022 முதல் ஞாயிறு, சோல்ஜர் ஃபீல்டு அரங்கில் கொட்டும் மழை. புல்தரையில் தண்ணீர் தேங்கி, ஓடுகிறவன் கால் வைத்த இடமெல்லாம் சளக் சளக்கென்று தெறித்தது. சிக்காகோ பேர்ஸை ஒரு பொருட்டாக யாரும் மதிக்கவில்லை; சான் ஃபிரான்சிஸ்கோ பலமான அணி. பேர்ஸ் 19–10 என்று வென்றது. வென்றதும் நூற்றுக்கணக்கான பவுண்டு எடையுள்ள அந்த மனிதர்கள் தண்ணீரில் நெஞ்சு பதியப் பாய்ந்து, சறுக்கி, எழுந்து, மறுபடி பாய்ந்து சறுக்கினார்கள். ஹெல்மெட் இடுக்கிலிருந்து தண்ணீர் ஒழுகச் சிரித்தார்கள். அதைப் பார்த்தபோது, இந்த அணியை இனி யாரும் நிறுத்த முடியாது என்று கிளீவ்லாந்துக்காரனான எனக்கே தோன்றிற்று. பேர்ஸ் அந்தப் பருவத்தில் மொத்தம் மூன்று ஆட்டம் வென்று, லீக்கிலேயே கடைசி இடத்தில் முடிந்தது. சான் ஃபிரான்சிஸ்கோ 13 வென்று, சூப்பர் பௌலுக்கு ஒரு படி கீழே வரை போயிற்று.

கற்பனை லீக் ஆடுகிறவர்கள் தனி வகுப்பு. நிஜ ஆட்டக்காரர்களை ஏட்டில் ஏலம் எடுத்து, அவர்கள் ஞாயிறன்று ஓடும் கெஜத்தைக் கொண்டு அலுவலக நண்பர்களோடு மோதுகிறவர்கள். இவர்களுக்காக ஒரே ஒரு பெயர்: சாமி வாட்கின்ஸ். 2019 முதல் வாரம் கான்சஸ் சிட்டிக்காக 198 கெஜம், 3 டச்டவுன். திங்கட்கிழமை அவரை வாங்கக் கையில் இருந்ததையெல்லாம் கொடுத்தார்கள். பருவத்தின் மீதி ஆட்டங்களில் அவர் எடுத்த டச்டவுன் பூச்சியம்.

இவற்றால் முதல் வாரம் எதையும் காட்டாது என்பது வெளிப்படை. அப்படியானால் அறிவுள்ளவன் அதைப் பார்க்காமலே இருந்துவிடலாமே என்பாரும் உளர். அவர்கள் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்கிறார்கள் என்று விசாரித்ததில், தோட்டத்தில் இலை கூட்டுகிறார்கள் என்று தெரிந்தது. அவர்களோடு வாதம் இல்லை.

நோய்முதல்

கிளீவ்லாந்துக்காரனுக்கு இந்த நோய் ஏன் இத்தனை முற்றிப்போயிற்று என்பதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. எங்களுக்கு ஒருமுறை பலன் பலித்துவிட்டது.

1946இல் தொடங்கிய பிரவுன்ஸ் முதலில் வேறொரு லீக்கில் ஆடியது. அந்த லீக் நடந்த நான்கு ஆண்டும் கோப்பை எங்களுக்கே. லீக் மூடப்பட்டு, 1950இல் பிரவுன்ஸ் பெரிய லீக்கில் நுழைந்தபோது, ஏதோ தாழ்ந்த இடத்திலிருந்து வந்தவர்கள் என்று பார்த்தார்கள். முதல் ஆட்டத்தையே நடப்பு சாம்பியன் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸோடு, ஃபிலடெல்ஃபியாவிலேயே வைத்தார்கள். செப்டம்பர் 16, சனி இரவு, 71,237 பேர். பால் பிரவுன் பயிற்சியாளர், ஆட்டோ கிரஹாம் குவார்ட்டர்பேக். முடிவு 35–10, வென்றது நாங்கள். இது கூடைப்பந்து அணி, எறியத்தான் தெரியும் என்று ஈகிள்ஸ் பயிற்சியாளர் முகம் சுளித்ததாகச் சொல்வார்கள். டிசம்பரில் மறுபடி மோதியபோது பால் பிரவுன் கணக்கேட்டில் ஓர் எறிகூட ஏறாமல், ஓடியே 13–7 என்று ஜெயித்துக் காட்டினார். அந்த ஆண்டுக் கோப்பையும் வந்தது. முதல் வாரம் சொன்னது அப்படியே நடந்தது! ஊரின் தாத்தாக்கள் இதைப் பேரன்களுக்குச் சொன்னார்கள். சூதாட்டத்தில் முதல் கையிலேயே ஜெயித்தவனைக் கடவுளாலும் காப்பாற்ற முடியாது.

1964க்குப் பின் கோப்பை இல்லை. சூப்பர் பௌல் என்ற ஒன்று தொடங்கிய நாள்முதல் அதில் நாங்கள் கால் வைத்ததில்லை. 1995 பருவத்தோடு உரிமையாளர் அணியையே பால்டிமோருக்குக் கொண்டுபோய்விட்டார். நகரம் வழக்குப் போட்டு, பெயரையும் நிறத்தையும் பழைய சாதனைகளையும் மீட்டுக்கொண்டது. மனிதர்கள் போய்விட்டார்கள், பெயர் மட்டும் மிஞ்சிற்று. மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகளை வெறுமனே கழித்த பிறகு, 1999இல் புதிதாக ஓர் அணி பிறந்து, பிட்ஸ்பர்க்கோடு முதல் வார ஆட்டத்துக்கு வந்தது. 43–0. பிட்ஸ்பர்க்குக்கு.

அதிலிருந்து 2021 வரையிலான 23 முதல் வாரங்களில் எங்கள் வெற்றி 1, தோல்வி 21, சமன் 1. மற்ற ஊர்களில் முதல் வாரம் எதையும் காட்டாது. எங்கள் ஊரில் அது ஒன்றை மட்டும் தவறாமல் காட்டிற்று.

இந்த 21 தோல்விகளில் ஒன்றை மட்டும் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். 2002 செப்டம்பர் 8. கான்சஸ் சிட்டியோடு எங்கள் ஊரில் ஆட்டம், 39–37 என்று முன்னிலையில் இருக்கிறோம், கடைசி முயற்சி. எங்கள் டுவெய்ன் ரட் எதிரியின் குவார்ட்டர்பேக்கைப் பிடித்துக் கீழே சாய்க்கிறார். ஆட்டம் முடிந்தது என்று எண்ணி, ஹெல்மெட்டைக் கழற்றி வீசுகிறார். ஆனால் சாய்கிறவன் சாயும்போதே பந்தைப் பக்கத்தில் தள்ளிவிட்டிருக்கிறான். அது ஜான் டேட் என்ற தடுப்பு வீரர் கையில் விழுகிறது. வாழ்நாள் முழுவதும் பிறரை முட்டித் தள்ளுவதே வேலையாக இருந்த அந்தப் பெருத்த மனிதர், கையில் பந்தோடு குலுங்கிக் குலுங்கி ஓடுகிறார். அவரைப் பிடித்துப் போடும்போது கடிகாரத்தில் நேரம் இல்லை. வென்றோம் என்று எல்லாரும் களத்துக்குள் ஓடுகையில், புல்லில் ஒரு மஞ்சள் துணி கிடக்கிறது. களத்தில் ஹெல்மெட் கழற்றினால் தண்டனை. தண்டனைக்குரிய பிழை தடுக்கும் பக்கம் செய்தால் அதோடு ஆட்டம் முடியாது. நேரமே இல்லாத ஒரு முயற்சியை எதிரிக்குக் கொடுத்தார்கள். மோர்ட்டன் ஆண்டர்சன் 30 கெஜத்திலிருந்து உதைத்தார். 40–39.

காட்சியளவையின் குறைபாட்டுக்கு இதைவிடத் தெளிந்த எடுத்துக்காட்டு தருக்க நூல்களில் இல்லை. ரட் கண்ணால் கண்டதைத்தான் நம்பினார். அந்த ஆண்டு எங்கள் அணி பிளேஆஃபுக்குப் போனது என்பதையும் நியாயத்துக்காகச் சொல்ல வேண்டும்; 1999க்குப் பின் எங்களுக்கு அது முதல்முறை.

பூட்டிய குளிர்பெட்டிகள்

மேற்சொன்ன கணக்கிலுள்ள அந்த ஒரு சமன் தனி ஆராய்ச்சிக்குரியது. 2017இல் ஓர் ஆட்டமும் வெல்லாததால், 2018 பருவத்துக்கு முன் பட் லைட் பீர் நிறுவனம் ஓர் ஏற்பாடு செய்தது. நகரத்து மதுக்கூடங்களில் பீர் நிரப்பிய குளிர்பெட்டிகளை வைத்துச் சங்கிலி போட்டுப் பூட்டியது. பிரவுன்ஸ் வென்ற கணத்தில் அவை தாமாகத் திறந்துகொள்ளும், பீர் இலவசம்.

முதல் ஞாயிறு, மழை, பிட்ஸ்பர்க். எதிரியிடமிருந்து ஆறு முறை பந்தைப் பறித்தோம். ஆறு முறை பறித்த அணி தோற்பது அரிது; நாங்கள் தோற்கவில்லை. வெல்லவும் இல்லை. கூடுதல் நேரத்தின் கடைசி நொடிகளில் எங்கள் உதையை எதிரி கையால் தடுத்துவிட, 21–21 என்று முடிந்தது.

இப்போது ஐயம்: பெட்டி திறக்குமா? தோல்வியின் இன்மை வெற்றி ஆகுமா? அபாவ வாதிகள் ஆம் என்பர். 17 ஆட்டமாகத் தொடர்ந்து தோற்ற அணிக்குத் தோல்வி நின்றதே வெற்றி. பீர் நிறுவனத்தார் வேறு மதம். பெட்டிகள் திறக்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் நீலக் குப்பிகள் வரிசையாக நிற்க, அந்தப் பக்கம் சங்கிலி, இந்தப் பக்கம் மழையில் நனைந்த மக்கள். செப்டம்பர் 20 வியாழன் இரவு ஜெட்ஸை 21–17 என்று வென்றபோதுதான் பூட்டு விட்டது. அடுத்த ஆண்டு முதல் வாரத்துக்குள் நாங்களே சாம்பியன் என்று நாடு முழுவதும் பேச்சாகி, டென்னசியிடம் 43–13 என்று முடிந்ததைப் பற்றி இங்கே விரித்துரைக்கத் தேவையில்லை. 18 தண்டனைகள். விரித்துரைக்கவில்லை.

2022இல் ஒரு முதல் வாரத்தை வென்றோம். கரோலினாவில், எட்டு நொடி இருக்கையில், கேட் யார்க் என்ற புதிய உதைப்பாளர் 58 கெஜத்திலிருந்து உதைத்து, 26–24. இதற்கு முந்திய முதல் வார வெற்றி 2004 செப்டம்பர் 12. இது 2022 செப்டம்பர் 11. முந்தியது நடந்த அன்று கிளீவ்லாந்தில் பிறந்த குழந்தை, அடுத்ததைக் காணும்போது வாக்குரிமை பெற ஒரே ஒரு நாள் குறைவாக இருந்தது.

கள ஆய்வு

நூலறிவு போதாது என்று 2025 முதல் ஞாயிறு காலை நகராட்சி வாகன நிறுத்தத்துக்குப் போனேன். ஏரிக்கரை ஓரமாக, அரங்கத்துக்குக் கிழக்கே நீண்டு கிடக்கும் மைதானம். ஒரு மணி ஆட்டத்துக்குக் காலை ஏழு மணிக்குக் கதவு திறப்பார்கள். விடியுமுன்பே வண்டிகள் வரிசையில் நிற்கும். உள்ளே போனால் வண்டியின் பின்கதவைத் தூக்கி, அடுப்பை இறக்கி, மடக்கு நாற்காலியை விரித்து, காலை எட்டு மணிக்கே பீர். நாய் முகமூடி போட்டவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் குரைத்துக்கொள்வார்கள். 1985இல் எங்கள் தற்காப்பு வீரர்கள் தொடங்கிவைத்த வழக்கம். முன்பெல்லாம் களத்தில் நாய் பிஸ்கட்டும் எறிவார்களாம்.

அங்கே ஒரு பெரியவரைத் தகவலாளராகக் கொண்டேன். போட்டிருந்த சட்டை 1999இல் வாங்கியது. முதுகில் அச்சிட்டிருந்த பெயர் கௌச். அதன் குறுக்கே ஒட்டுநாடா ஒட்டி, கறுப்பு மையில் அடுத்த குவார்ட்டர்பேக்கின் பெயர். அதன்கீழ் அடுத்தது. ஹோல்கம், கார்சியா, டில்ஃபர், ஃபிரை என்று இறங்கி, இடுப்பைத் தாண்டி, சட்டையோடு தைத்த ஒரு துண்டுத் துணியில் மேஃபீல்டு, வாட்சன் எல்லாம் வந்து, கடைசியில் ஈரம் காயாத எழுத்தில் ஃபிளாக்கோ. ஃபிளாக்கோவுக்கு அப்போது வயது நாற்பது. துணியில் இன்னும் ஒரு சாண் இடம் பாக்கி.

குறிப்பேட்டைத் திறந்தேன்.

“இந்த வருஷம் எத்தனை ஜெயிப்போம்?”

“பதினொண்ணு.”

“போன வருஷம் எத்தனைன்னு சொன்னீங்க?”

“பதினொண்ணு.”

“ஜெயிச்சது?”

“மூணு.”

“அப்புறம் எப்படி...”

“மீதி எட்டு எங்க போயிடும்?” என்று சொல்லி, அடுப்பிலிருந்து ஒரு பொலிஷ் பாயை எடுத்து நீட்டினார். நீள ரொட்டிக்குள் சுட்ட தொத்திறைச்சி, அதன்மேல் உருளைக்கிழங்கு வறுவல், அதன்மேல் கோஸ், எல்லாவற்றின் மேலும் இனிப்புச் சாறு. கிளீவ்லாந்தின் கண்டுபிடிப்பு; இரண்டு கையும் இல்லாமல் தின்ன முடியாது. குறிப்பேட்டைக் கீழே வைக்க நேர்ந்ததால் கள ஆய்வு இந்த இடத்தில் நின்றுவிட்டது.

ஆட்ட முடிவு

எதிரி சின்சினாட்டி, இதே மாநிலத்து அணி. முடிவு 17–16, அவர்களுக்கு. இதை ஏனையோர் தோல்வி என்று எழுதினார்கள். அளவை நூல் பயின்றவன் அவசரப்படக் கூடாது.

இரண்டாம் பாதி முழுவதும் சின்சினாட்டி நகர்ந்தது மொத்தம் 7 கெஜம். இருபத்தொரு அடியில் ஒரு பாதி! ஃபிளாக்கோ எறிந்த இரண்டு பந்துகள் எதிரி கைக்குப் போயின. இரண்டும் எங்கள் ஆள் கையில் பட்டுத் தெறித்தவை. ஆகவே எறிந்தவர் மேல் குற்றமில்லை. புதிய உதைப்பாளர் டச்டவுனுக்குப் பிந்திய ஓர் உதையைத் தவறவிட்டார். ஆட்டம் முடிய இரண்டு நிமிடச் சொச்சம் இருக்கையில் 36 கெஜத்து உதை ஒன்றையும் தவறவிட்டார். முன்னே நினைவில் வைக்கச் சொன்ன 1, 3 இவையே. பதினாறோடு ஒன்றும் மூன்றும் கூட்ட இருபது. எனவே 20–17. வென்றது கிளீவ்லாந்து. அட்டவணையில் வேறுவிதமாக எழுதியிருப்பது ஏட்டுப்பிழை. பழஞ்சுவடிகளில் இத்தகைய பாடபேதங்களைத் திருத்திப் படிப்பது பதிப்பாசிரியர் வழக்கமே.

அடுத்த ஞாயிறு பால்டிமோரில் ஆட்டம். எங்கள் அணியைத் தூக்கிக்கொண்டு போன அதே ஊர். அவர்களோ முதல் வாரம் பஃபலோவில் நான்கு நிமிடம் பாக்கி இருக்கையில் 15 புள்ளி முன்னிலையில் இருந்து, 41–40 என்று கோட்டைவிட்டவர்கள். மனம் உடைந்திருப்பார்கள். நாங்களோ, திருத்திய பாடத்தின்படி, வென்ற அணி. ஏழு கெஜத்துக்கு மேல் விடாத தற்காப்பு. எந்த அளவையைக் கொண்டு பார்த்தாலும் முடிவு ஒன்றுதான் என்று வாகன நிறுத்தத்துப் பெரியவரும் நானும் ஒத்த கருத்துக்கு வந்தோம்.

41–17, பால்டிமோருக்கு. ஆனால் அது இரண்டாம் வாரம். இவ்வாராய்ச்சி முதல் வாரத்தைப் பற்றியது.